சர்வருக்குள் ஒரு கூட்டுக்குடும்பம்

நான் செய்த தவற்றை இன்னொருவர் செய்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னேன். அந்த இன்னொருவர் என்னிடம் வேலை பார்த்த ஓர் இளம்பெண். நான் அதைச் சொன்னபோது அவள் மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தவறு என்னவென்று தெரிந்தால் சிரிப்பீர்கள். கொலை இல்லை, கையாடல் இல்லை. ஒரு சர்வர் சாப்ட்வேரின் கோப்புகளை எந்தெந்த ஃபோல்டரில் வைப்பது என்று நான் எடுத்த முடிவுதான் அது. இதைவிடச் சலிப்பான விஷயம் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு மனிதன் தன் அகம்பாவத்தைக் காட்டுவதற்குப் பெரிய இடம் தேவைப்படுவதில்லை.

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நிலபுலன் உள்ள குடும்பம். மழை பெய்தால் பணக்காரர்கள், பெய்யாவிட்டால் கௌரவமானவர்கள். அறுபத்தாறில் மதுரையில் படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவில் சேர்ந்தேன். அப்போது கணிப்பொறி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் குளிர்சாதன வசதி உண்டு; அதன் தயவில் எங்களுக்கும் உண்டு. ஓய்வு பெற்று ராமநாதபுரத்துக்கு வந்து வீடு கட்டிக் குடியேறியபோது, ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த பெரிய மனிதர் என்று ஆகிவிட்டேன். தெருவில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நானும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்டரியை மாற்றச் சொல்லி அனுப்புவேன்.

சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களுக்கு நல்லது செய்யப் பலர் கிளம்பி வந்தார்கள். அப்படி வந்த ஒரு தொண்டு நிறுவனம் ராமநாதபுரத்தில் அலுவலகம் திறந்தது; கம்ப்யூட்டர் வேலைகளுக்குத் தலைவராக என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. கடற்கரைக்காரர்களுக்குக் காற்று, அலை நிலவரம். உள்நாட்டுக்காரர்களுக்கு மிளகாய், பருத்தி விலை. விவசாயிகள் விதைக்குப் பெயர் பதிந்துகொள்ள வசதி. முதலில் சாயல்குடி, நயினார்கோவில், அபிராமம் ஆகிய ஊர்களில் தலா ஒரு தகவல் மையம் என்று திட்டம். டெலிபோன் லைன் வேலை செய்யும் நாட்களைவிட வேலை செய்யாத நாட்கள் அதிகம் என்பதால் ஒவ்வொரு மையத்திலும் தனித்தனியாக ஒரு சர்வர். சர்வர் என்றால் பயப்பட வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். நிற்காமல் ஓடும், மையத்தில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும், அவை கொடுப்பதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதற்கான சாப்ட்வேரை நாங்களே எழுதினோம். நாங்கள் என்றால், அந்த இளம்பெண் எழுதினாள், நான் தலைமை வகித்தேன்.

அவளுக்கு அபிராமம். விவசாயக் குடும்பம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்ததே என்று சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுருக்கமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை என்று பிற்பாடு கண்டுபிடித்தேன்.

சர்வர் சாப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும்போது அது ஒரே பொருளாக வந்து இறங்குவதில்லை. ஓடுகிற நிரல் இருக்கிறது. அந்தந்த ஊருக்கு ஏற்ற அமைப்புக் குறிப்புகள் இருக்கின்றன. அன்றாடம் என்ன நடந்தது என்று அது தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பதிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, மக்கள் வந்து கொடுத்த விவரங்கள் இருக்கின்றன. இவற்றை எங்கெங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒருநாள் நான் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் கரும்பலகையில் ஒரு படம் போட்டு, மூன்று மையத்து ஆபரேட்டர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். நிரலுக்கு ஓர் இடம், குறிப்புகளுக்கு ஓர் இடம், பதிவுகளுக்கு ஓர் இடம், மக்கள் தந்த விவரங்களுக்கு மற்ற எதுவும் தொடாத ஓர் இடம். ஆபரேட்டர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் போட்டிருந்ததுதான் சரி. அது அவளுடைய கண்டுபிடிப்பும் அல்ல. இந்தத் துறையில் நன்றாக வேலை செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் வருவதற்கு முன்பே ஆபரேட்டர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

“என்னம்மா இது, ஒரு சாப்ட்வேரக் கொண்டுபோயி நாலு திசையிலயும் சிதறடிச்சு வச்சிருக்க?” என்றேன்.

“சிதறல சார். பிரிச்சு வச்சிருக்கேன்.”

“எதுக்குப் பிரிக்கணும்? எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள்ள இருந்தா ஆபரேட்டர் தேட வேண்டியதில்ல. எடுக்கணும்னாலும் ஒரே தூக்காத் தூக்கிரலாம்.”

“அதான் சார் பயமா இருக்கு. ஒரே தூக்காத் தூக்கிருவாங்க.”

ஆபரேட்டர்கள் சிரித்துவிட்டார்கள். நயினார்கோவில் ஆபரேட்டர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அந்த நிமிஷத்தில் கோப்பு அமைப்பு பற்றிய தொழில்நுட்ப விவாதம் முடிந்துபோய்விட்டது. அதன்பின் நான் பேசியதெல்லாம் வேறு.

“எங்க வீட்டுல நெல்லு, விதை, சாமி, மனுசன் எல்லாம் ஒரே கூரைக்குள்ளதாம்மா இருக்கோம். எங்க தாத்தா காலத்துலருந்து ஒண்ணும் கெட்டுப்போகல.”

“வீட்ட இடிச்சுக் கட்டுறப்ப நெல்ல எங்க சார் வப்பீங்க?”

“நாங்க இடிக்க மாட்டோம்மா.”

நான் இதைச் சொன்ன காலத்தில் அந்த வீட்டை நானும் என் தம்பிகளும் குறுக்குச் சுவர் எழுப்பிப் பங்கு பிரித்து முடித்திருந்தோம். என் பங்குக்குத் தனி வாசல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் நான்தான். மனிதர்கள் சேர்ந்திருக்க முடியாத இடத்தில் கோப்புகளாவது சேர்ந்திருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. கரும்பலகையை நானே அழித்தேன். எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் என்று முடிவாயிற்று.

அந்த வருஷம் ஆடி கழிந்ததும் விதைப் பதிவு தொடங்கியது. எந்தக் கண்மாய்ப் பாசனம், எவ்வளவு நிலம், என்ன விதை வேண்டும் என்று விவசாயிகள் மையத்துக்கு வந்து சொல்ல, ஆபரேட்டர் ஏற்றிக்கொள்வார். மழைக்கு முன்னால் விதை வந்து இறங்கும், பதிந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அபிராமத்தில்தான் கூட்டம் அதிகம். காரணம், அவளுடைய அய்யா; எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம். அவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு போவோர் வருவோரையெல்லாம் பிடித்து, “போயி பேரக் குடுத்துட்டு வாப்பா. எம்மக செஞ்ச பொட்டி. தப்பாது” என்று அனுப்பிக்கொண்டிருந்தார் என்று ஆபரேட்டர் சொல்வார்.

புரட்டாசியில் சாப்ட்வேரின் புதிய பதிப்பு தயாரானது. அதை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மையங்களிலும் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது நான். இடத்தைக் கழுவித் துடைக்கிற நாள். சர்வரையும் உள்ளே சுத்தம் செய்தது போல இருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருப்பதால் பழைய ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஆனால் மக்கள் விவரமும் அதற்குள்தானே இருக்கிறது? எனவே முதலில் விவரங்களை மட்டும் தற்காலிக ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொள்ளவும், பிறகு பழையதை அழிக்கவும், புதியதைப் போடவும், கடைசியாக விவரங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைக்கவும். அவள் சொன்ன முறையில் வைத்திருந்தால் இந்தப் போக்குவரத்தே தேவைப்பட்டிருக்காது. நிரல் மாறும், விவரம் இருந்த இடத்தில் இருக்கும்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் இந்தத் தற்காலிக ஃபோல்டருக்கு ஒரு குணம் உண்டு. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடும்போதெல்லாம் அது தன் வயிற்றைக் காலி செய்துகொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சர்வரை யார் நிறுத்தப் போகிறார்கள்? நிற்காமல் ஓடுவதற்குத்தானே அதற்குச் சர்வர் என்று பெயர்? கரண்டு போனால் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் போனால் ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். சரஸ்வதிக்கு மட்டும் செய்யவில்லை.

“அபிராமத்துக்கு நான் போயிப் போட்டுட்டு வாரேன் சார்” என்று அவள் கேட்டாள்.

“தாள்லதான் எல்லாம் எழுதியிருக்கேனே. ஆபரேட்டர் பாத்துக்குவாரு” என்றேன்.

சாயல்குடி ஆபரேட்டர் இஸ்லாமியர். அவருக்குப் பூஜை அவசரம் ஒன்றும் இல்லை. தாளில் இருந்ததை வரிசையாகச் செய்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். நயினார்கோவில் ஆபரேட்டர் தாளையே பிரிக்கவில்லை. பழைய பதிப்பே அங்கே சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அபிராமத்து ஆபரேட்டர்தான் பக்தியும் பொறுப்பும் மிக்கவர். விவரங்களைத் தற்காலிக ஃபோல்டருக்கு நகலெடுத்தார். பழையதை அழித்தார். புதியதைப் போட்டார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மையத்தைக் கழுவிவிட ஆட்கள் வந்து நின்றார்கள். திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதானே பாக்கி, விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று சர்வரை முறைப்படி நிறுத்தினார். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் பூவும் போட்டார். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு இயக்கக் கூடாது. ஓடுகிற லாரியை நிறுத்தாமல் யாராவது பொட்டு வைப்பார்களா? அவர் செய்ததில் நான் இன்றுவரை ஒரு குற்றமும் காணவில்லை.

விஜயதசமி காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், பூஜை நல்லபடியா முடிஞ்சது.”

“சந்தோசம். சர்வர் ஓடுதா?”

“சும்மா சொல்லக் கூடாது சார், ஜம்முனு ஓடுது. புதுசு மாதிரியே இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல.”

வாராவாரம் விவரங்களை சிடியில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அபிராமத்தில் சிடி எழுதும் கருவி பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது. புதியது கேட்டு ஆபரேட்டர் எழுதிய கடிதம் என் மேசையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட நான் நல்ல நாள் பார்க்கவில்லை, மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

விதை வந்து இறங்கியபோது யார் என்ன கேட்டார்கள் என்று அபிராமம் மையத்தில் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி வந்து பதியச் சொன்னார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் சொன்னதைவிட அதிகம் சொன்னார்கள். மீதிப்பேர் அவர்களைப் பொய்யர்கள் என்றார்கள். மையத்து வாசலில் சண்டை. அதற்குள் மழை வந்துவிட்டது. நிறையப் பேர் கடையில் கிடைத்த விதையை வாங்கி விதைத்தார்கள். அவளுடைய அய்யாவும் அப்படித்தான் செய்தார். டீக்கடையில் அவருக்குக் கிடைத்த மரியாதையை ஆபரேட்டர் எனக்கு ஒப்பித்தார்.

“என்னண்ணே, ஒம்மக பொட்டி தப்பாதுன்னீக. தப்பிச்சு எங்கிட்டுப் போச்சு?”

“சரஸ்வதி பூசையில வச்சாகல்ல, ஆத்தா எல்லாத்தையும் படிச்சுப்பிட்டுக் கையோட கொண்டு போயிட்டா.”

“வெதயக் கேட்டா பொட்டிக்குப் பொட்டு வச்சுக் காட்டுறாய்ங்கப்பா.”

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனாராம்.

சென்னையிலிருந்து நிறுவனத்தின் இயக்குநர் வந்தார். நல்ல மனிதர், எதையும் சத்தம் போட்டுக் கேட்கமாட்டார். மேசையைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“டேட்டாவையும் புரோகிராமையும் ஒரே ஃபோல்டர்ல வைக்கணும்னு யார் முடிவு பண்ணது?”

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் உண்டு. எனக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வேலை போனால் சோறு போய்விடாது, பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஆகவே பயத்தால் பொய் சொன்னேன் என்று இப்போது சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ரிமோட்டைக் கொண்டுவரும் தெருக்காரர்களின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது.

“ஃபோல்டர் அமைப்பெல்லாம் அந்தப் பொண்ணு பொறுப்பு சார். வேலைக்குப் புதுசு. நான் இன்னும் கவனமாப் பாத்திருக்கணும். பாக்காம விட்டது என் தப்பு.”

சிறிய தவறு ஒன்றை நான் தைரியமாக ஒப்புக்கொண்டதில் எல்லோருக்கும் திருப்தி. பெரிய தவறு அதன் நிழலில் அவள் பக்கம் நகர்ந்து போனது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டு வந்த விடை சரிதானா என்று இன்னொரு முறை பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த பேனாவை மூடினாள். கரும்பலகை விளக்கத்தைக் கேட்ட ஆபரேட்டர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தாலும் பெரிய சாருக்கு எதிராகப் பேசியிருப்பார்களா என்று தெரியாது.

அந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது; நீட்டிக்கவில்லை. கூட்டத்தில் நான் சொன்னது அவளுக்கு முன்பே அபிராமம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் மதுரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த பதிப்பில் கோப்புகளின் அமைப்பை மாற்றினேன். நிரலுக்கு ஓர் இடம், குறிப்புகளுக்கு ஓர் இடம், பதிவுகளுக்கு ஓர் இடம், விவரங்களுக்கு மற்ற எதுவும் தொடாத ஓர் இடம். நான் அழித்த படம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதன்பின் எத்தனையோ பதிப்புகள் மாறின. ஆயுத பூஜைகளும் வந்து போயின. ஒரு விவசாயியின் பெயர்கூடத் தொலையவில்லை. ஆபரேட்டர்கள் அதற்கு ‘பெரிய சார் முறை’ என்று பெயர் வைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். எவ்வளவு அடக்கம் என்றார்கள். பிறகு சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மாறுவதையும் மாறாததையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று தொடங்குவேன். கைதட்டுவார்கள். சால்வை போடுவார்கள். வீட்டில் அலமாரி நிறையச் சால்வைகள் சேர்ந்தன. எங்கள் ஊர் வெயிலில் ஒன்றுக்கும் உதவாது.

அத்தனை நாளும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மதுரையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இதைவிட நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வகையில் நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அபிராமத்து ஆபரேட்டரைத் தற்செயலாகப் பார்த்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. அந்தப் பெண் ஊருக்கு வருவாளா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“பொங்கலுக்கு வரும் சார். வந்தாலும் அவக அய்யா பேச மாட்டாரு. அவரு இன்னைக்கு வரைக்கும் நம்ம மையத்துப் படி ஏறல. மக பேர யாராச்சும் எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. ஊரு முன்னாடி தலகுனிய வச்சிட்டாளாம்.”

வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். அமைப்பு அவளுடையது, தவறு என்னுடையது, கூட்டத்தில் நான் சொன்னது பொய் என்று ஒளிக்காமல் எழுதினேன். இதற்குள் இயக்குநர் மாறியிருந்தார். புதியவரிடமிருந்து உடனே பதில் வந்தது. தன்னிடம் வேலை பார்த்த இளையவர்களின் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளும் தலைவர்கள் இந்தக் காலத்தில் அரிது என்று எழுதியிருந்தார். அச்சுக்குப் போகவிருக்கும் இன்ஸ்டலேஷன் கையேட்டில் என் பெயருக்குக் கீழே என் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டிருந்தார். கூடாது என்று எழுதினேன். அந்த மறுப்பையும் சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள்.

ஆபரேட்டரிடம் நம்பர் வாங்கி அவளுக்குப் போன் செய்தேன். யாரென்று சொன்னேன். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் நிறுத்தினாள்.

“எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்கதான இருந்தேன். எங்க அய்யாகிட்டச் சொல்லுங்க.”

அபிராமத்துக்குப் போனேன். நான் போனது தெரிந்ததும் அவளுடைய அய்யா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முற்றத்தில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டார். சொன்னேன்.

“தப்பு உங்க மக பேருல இல்லைங்க. என்னோடது. அவ சரியாத்தான் சொன்னா. நாந்தான் கேக்கல.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பெரிய மனுசங்கன்னா இப்படித்தான் இருக்கணும். ஒரு பொம்பளப்பிள்ள பேரு கெட்டுறக் கூடாதுன்னு இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்து பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறீகளே. நீங்க நல்லா இருக்கணும்.”

“இல்லைங்க, நெசமாவே...”

“எனக்குத் தெரியும் சார். அன்னைக்குக்கூட மீட்டிங்கில ஏந்தப்பும் இருக்குன்னு சொன்னீகளாமே. சாப்பிடாமப் போகக் கூடாது.”

உள்ளே சொல்லிச் சோறு போடவைத்தார். கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். நான் வேண்டாம் என்று சொன்னது மரியாதைக்குச் சொல்வது போலவே ஒலித்தது. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். இரவு அவளுக்குப் போன் செய்தேன்.

“சொல்லிட்டேம்மா.”

“அங்க சாப்பிட்டீங்களா சார்?”

“ரொம்ப வற்புறுத்துனாரு.”

“அப்ப அவரு நம்பல.”

வைத்துவிட்டாள்.

மறுவாரம் மறுபடி போனேன். இந்த முறை ஃபோல்டர், சர்வர் எதையும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தப்பு என்று பொதுவாகச் சொன்னால் அது அடக்கமாகத் தெரிகிறது. அந்த வயதில், அந்தப் படிப்போடு, அந்த வேட்டி சட்டையோடு நான் என்ன சொன்னாலும் அடக்கமாகவே தெரிகிறது. நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர வழியில்லை.

“வாங்க சார், வாங்க. மறுபடி எதுக்குச் சிரமம்?” என்று நாற்காலியை இழுத்தார். அவர் உட்காரவில்லை, என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“அன்னைக்கு மெட்ராஸ்லருந்து வந்தவரு, இத யாரு முடிவு பண்ணதுன்னு கேட்டாரு. நாந்தான் முடிவு பண்ணேன். உங்க மக வேண்டாம்னு சொல்லி, போர்டுல படம் போட்டு வச்சிருந்தா. அத நான் ஏங்கையால அழிச்சேன். அவரு கேட்டப்ப உங்க மக பேரச் சொன்னேன்.”

அவர் சிரித்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் நின்றது.

“அவ லீவுல இருந்திருப்பா. அவ இல்லாத நேரத்துல ஏதோ வாய்தவறி...”

“இல்லைங்க. அங்கதான் இருந்தா. எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்திருந்தா.”

“எம்மக அங்க இருந்தாளா?”

“இருந்தா.”

“அவள வச்சுக்கிட்டா சொன்னீக?”

“ஆமா.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. ஏம்மூஞ்சியப் பாத்தா. அவ்வளவுதான்.”

அவர் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துவிட்டுச் செம்போடு திரும்பிப் போனார்.

“வந்தன்னைக்கு நாங்கேட்டேன் அவள” என்றார் அவர். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “ஏத்தா, ஒந்தப்பான்னு கேட்டேன். இல்லைய்யான்னா. பெரிய மனுசன் பொய் சொல்லுவானாடின்னு கேட்டேன்.”

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்குள் போனார். உள்ளே போன் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தும் சத்தம் கேட்டது. ஒருமுறை தப்பாகப் போய் மறுபடி அழுத்தினார். அவர் மனைவி நம்பரைச் சொல்லச் சொல்ல, கடைசியில் கிடைத்துவிட்டது.

“ஆத்தா” என்றார். அந்தப் பக்கத்தில் அவள் என்ன கேட்டாளோ, “ஒண்ணுமில்லத்தா. சும்மாதான். சாப்பிட்டியா?” என்றார். மதுரையில் மழை உண்டா என்று கேட்டார். இங்கே இன்னும் பெய்யவில்லை என்றார். பேச்சு நின்று நின்று வந்தது, ஆனால் வைத்துவிடவில்லை.

முற்றத்தில் நான் உட்கார்ந்திருப்பதை யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை. போய்வருகிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.